வயிற்றில் படும் கத்திக்கும் வர்க்கம் உண்டா?

"ஏழைக்கு எதற்குத் துளை ஆபரேஷன்? வயிற்றைக் கீறிக் கட்டியை எடுத்தால் பிழைக்க மாட்டானா?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். "எங்களிடம் ரோபோ இருக்கிறது, வாருங்கள்!" என்று பக்கம் பக்கமாக விளம்பரம் செய்யும் ஆஸ்பத்திரி வியாபாரிகளும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் செய்வது ஒரே காரியந்தான். நல்ல சிகிச்சை பணம் படைத்தவனின் சொத்து என்று உழைப்பாளியை நம்ப வைக்கிறார்கள். இது பச்சைப் பொய் என்கிறோம் நாம்.

விஷயம் என்ன? பெருங்குடலில் புற்றுநோய் கண்டால், கட்டியுள்ள குடல் பகுதியையும் அதைச் சேர்ந்த நிணநீர் முடிச்சுகளையும் வெட்டியெடுத்து, மிச்சக் குடலை இணைக்க வேண்டும். பழைய முறையில் வயிற்றின் நடுவே நீளமாகக் கீறுவார்கள். துளை முறையில், அரை அங்குலத்துக்கு மேற்படாத சில துளைகள் போடுவார்கள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, ஒரு துளை வழியே காமிராக் குழாயையும் மற்றவற்றின் வழியே மெல்லிய கருவிகளையும் விட்டு, திரையைப் பார்த்தபடி வேலை செய்வார்கள். வெட்டிய குடலை வெளியே எடுக்க ஒரு சிறிய கீறல் போதும். உள்ளே நடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. வாசல்தான் வேறு!

1990-களின் தொடக்கத்தில் இம்முறை பெருங்குடலுக்கு வந்தபோது டாக்டர்களே சந்தேகப்பட்டார்கள். துளை போட்ட இடத்தில் புற்று மீண்டும் முளைத்ததாகச் செய்திகள் வந்தன. சந்தேகம் நியாயமானது. அதைச் சோதித்துத் தீர்த்தார்கள். வட அமெரிக்காவின் 48 ஆஸ்பத்திரிகளில் 872 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது, துளை முறையில் நூற்றுக்கு 16 பேருக்கு. திறந்த முறையில் 18 பேருக்கு. புண் வாயில் புற்று திரும்பியது இரண்டிலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆஸ்பத்திரி வாசம் 6 நாளிலிருந்து 5 நாளாயிற்று. குடற்சுவரைத் துளைத்தும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியும் முற்றிய நோயாளிகள் 1,057 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2017-ல் வந்தது. இரு பிரிவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்வோம். கட்டி பக்கத்து உறுப்புகளைப் பற்றிக்கொண்டால், குடல் அடைபட்டு வயிறு வீங்கினால், திறந்த ஆபரேஷனே உயிர் காக்கலாம். துளை முறையில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க நேர்வதும் உண்டு. 2004 ஆராய்ச்சியில் ஐந்தில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தது. அது தோல்வியல்ல, டாக்டரின் பொறுப்பு. அந்த முடிவை நோய் செய்யட்டும், அனுபவமுள்ள டாக்டர் செய்யட்டும். நோயாளியின் மடிச்சீலை செய்யக் கூடாது என்பதே நமது வாதம்!

"ஒரு நாள் மிச்சம், இதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று கேட்கலாம். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவருக்கு வயிற்றுத் தழும்பு ஒரு தழும்புதான். நாள் முழுதும் நின்று நூல் இழை முடிபவனுக்கும், குனிந்து நாற்று நடுபவளுக்கும், நெல் மூட்டை தூக்குபவனுக்கும் வயிறே மூலதனம். நீளக் கீறல் ஆறும் வரை அடுப்பு எரிவது எப்படி? நோய் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து சிகிச்சையும் சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். உடம்பு சீக்கிரம் தேறினால்தானே அதைத் தாங்கும்? ஆகவே, இந்த முறை யாருக்கு மிக அவசியமோ அவர்களே உழைப்பாளிகள்!

ரோபோ இல்லாமல் நடக்காதா? 2004-ல் முடிவு சொன்ன ஆராய்ச்சியில் ரோபோவே இல்லை. டாக்டரின் கையும் பயிற்சியுமே இருந்தன. சர்க்கார் ஆஸ்பத்திரியால் முடியாதா? 2022-ல் சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியிலேயே ரோபோ ரண சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. முடியாது என்று இனி யார் சொல்வது?

பிரிட்டனைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளியாக இருந்த அநியூரின் பெவன் மந்திரியாகி, 1948-ல் அங்கே தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார். 2000-ல் அந்நாட்டு நிபுணர் குழு, பெருங்குடல் புற்றுக்குத் திறந்த முறையே மேல் என்றது. ஆதாரம் வந்ததும் 2006-ல் கருத்தை மாற்றி, துளை முறையையும் நோயாளிக்கு அளிக்கலாம் என்றது. ஆனால் பழகிய டாக்டர்கள் போதவில்லை. "காசுள்ளவன் தனியாரிடம் போகட்டும்" என்று விட்டார்களா? இல்லை. சர்க்கார் செலவில் தேசியப் பயிற்சித் திட்டம் வகுத்து, வேலையிலிருக்கும் டாக்டர்களுக்கு ஆபரேஷன் மேஜையருகிலேயே பழக்கினார்கள். அதே 2006-ல், மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் சோதனையை வீடுதேடி அனுப்பவும் தொடங்கினார்கள்.

நம் நாட்டில்? சர்க்காரின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றையே தேடுகிறது. குடலைத் தேடுவாரில்லை. மலத்தில் ரத்தம் கண்டால் "மூலச்சூடு" என்று நாட்டு மருந்தோடு நாளைக் கடத்துகிறோம். ஆலைத் தொழிலாளிக்கு நோய்க் காலத்தில் ஈ.எஸ்.ஐ. உதவித் தொகையாவது உண்டு. வயல் தொழிலாளிக்கு அந்தக் கதவும் இல்லை.

ஆகவே கேட்கிறோம்: மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிதோறும் துளை முறை ஆபரேஷனுக்குக் கருவியும் பயிற்சி பெற்ற டாக்டரும் வேண்டும். மலச் சோதனை கிராமத்துக்கு வர வேண்டும். படுக்கையில் கிடக்கும் நாளுக்கு விவசாயத் தொழிலாளிக்கும் உதவித் தொகை வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். மலத்தில் ரத்தம், மாறிப்போன மலப் போக்கு, காரணமில்லாத மெலிவு, சோகை கண்டால் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவரை நீங்களே அழைத்துப் போங்கள். பிச்சை கேட்கவில்லை நாம். நாட்டின் செல்வத்தை விளைவிக்கும் கைகள், தம் வயிற்றைக் காக்கும் உரிமையைக் கேட்கின்றன!