இயந்திரம் எழுதும் மறுப்பு

இணையத்தில் கண்ணாடிப் பாத்திரம் விற்கும் கீரனூர்ச் சகோதரர் ஒருவர் கேட்டார்: "கார்டில் கட்டிய பணத்தை வாடிக்கையாளர் வங்கி வழியே திரும்பக் கேட்டால், மென்பொருளே மறுப்பு அனுப்பிவிடுகிறது. இது கூடுமா, ஹஜ்ரத்?"

பணம் வந்து சேர்ந்ததா என்பதை இயந்திரம் அறியும். யு.பி.ஐ. முறையீடுகளை, பணம் பெற்ற வங்கியின் பதிவைக் கொண்டு தானாகவே ஏற்கவோ தள்ளவோ 2025 பிப்ரவரி 15 முதல் என்.பி.சி.ஐ. வழி செய்திருக்கிறது. ஆனால் பாத்திரம் உடைந்து வந்ததை இயந்திரம் எங்ஙனம் அறியும்? "ஒப்படைக்கப்பட்டது" என்னும் கூரியர் ரசீதை எடுத்து நீட்டும். ரசீது உண்மை; மறுப்போ பொய்ச்சாட்சி.

கடனை எழுதுபவர் நீதி தவறலாகாதென அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. மென்பொருள் நம் எழுத்தர்; கேள்வி கணக்கு நமக்கே. பொருளைப் பெற்றுக்கொண்டு வரவில்லை எனச் சாதிப்போரும் உண்டு. அவர்களுக்கு ரசீதைக் காட்டத் தயங்க வேண்டியதில்லை. ஆதாரங்களை மென்பொருள் திரட்டட்டும். முறையீட்டைப் படித்தபின் அனுப்புபவர் கடைக்காரராகவே இருக்கட்டும். உடைந்த பாத்திரத்தின் விலையை வங்கி கேட்குமுன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம்.