கம்ப்யூட்டர் சீமான்களாம்!

"ஐ.டி.க்காரனுக்கு என்ன குறை? லட்சக்கணக்கில் சம்பளம், கார், உல்லாசம்!" வன்னியம்பட்டி விலக்கில் நம் மில் தோழர்களே இப்படிப் பேசுகிறார்கள். இது அவர்கள் சொந்தச் சரக்கல்ல. சினிமாவும் முதலாளிப் பத்திரிகைகளும் வருஷக்கணக்காக ஊட்டிய பொய்!

புதிதாகச் சேரும் எஞ்சினீயருக்குப் பெரிய கம்பெனிகள் கொடுப்பது வருஷத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம். பத்து வருஷமாக அது அநேகமாக அசையவில்லை. அரிசி விலையும் வீட்டு வாடகையும் அசையாமலா நின்றன?

மில் கேட்டில் காத்து நிற்கும் பதிலித் தொழிலாளியை அறிவீர்கள். வேலை இருந்தால் உள்ளே, இல்லையேல் வீட்டுக்கு. கம்ப்யூட்டர் கம்பெனியில் அந்த நிலைக்குப் பெயர் 'பெஞ்ச்'. 2025 ஜூனில் டாட்டாவின் டி.சி.எஸ். போட்ட விதியைக் கேளுங்கள்: வாடிக்கையாளரிடம் காசு வசூலாகும் வேலையில் வருஷத்துக்கு 225 நாள் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் கூடாது. வேலையைத் தேடிப் பிடிப்பதும் ஊழியர் பொறுப்பாம்! அடுத்த மாதமே சுமார் 12,000 பேரைக் கழிப்பதாக அறிவிப்பு. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியா? கொழுத்த லாபம் ஐயா!

1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று இன்போசிஸ் நாராயணமூர்த்தி உபதேசம் செய்தார். எட்டு மணி நேர வேலை எங்கே போயிற்று?

"ஐ.டி.யில் சங்கம் கூடாது" என்பதும் புளுகே. சங்கம் வைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும் என்று 2016-லேயே தமிழக அரசு விளக்கிவிட்டது. அதற்கு முந்திய வருஷம், டி.சி.எஸ். வெளியேற்றிய ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவே வாங்கினார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பொங்கலுக்கு ஊர் வந்தால், எத்தனை மணி நேர வேலை, சங்கத்தில் சேர்ந்தாயா என்று கேளுங்கள், தோழர்களே!