விஞ்ஞான விந்தை: சுவரைக் கண்டு திரும்பும் எலெக்ட்ரான்

குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்ட வேண்டும். மூடினால் நிற்க வேண்டும். திறக்க மட்டும் வழியிருந்து, மூட வழியில்லாத குழாயை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? விஞ்ஞானிகளுக்கு அப்படியொரு குழாய்தான் வாய்த்தது. அதன் பெயர் கிராஃபீன்.

பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், அப்பளக் கட்டைப்போல ஏடு ஏடாக அடுக்கிய வஸ்து. அதிலிருந்து ஓர் அணுவின் கனமே உள்ள ஒற்றை ஏட்டை உரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலாவும் அதை உரித்தார்கள். என்ன யந்திரத்தால் என்கிறீர்களா? வெறும் ஒட்டு நாடாவால்! 2010-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மின்சாரம் என்பது எலெக்ட்ரான்களின் ஓட்டம். அவற்றின் வழியில் மின் அழுத்தத்தால் ஒரு சுவர் எழுப்பலாம். பந்தாக இருந்தால் சுவரில் மோதித் திரும்பிவிடும். எலெக்ட்ரானோ அலையைப் போலவும் நடந்துகொள்வது. சுவர் மெல்லியதானால் சில சமயம் ஊடுருவி அப்பால் போய்விடும். சுவர் கனக்கக் கனக்க அது அரிதாகும்.

கிராஃபீனில் இந்த நியாயம் செல்லாது. ஒற்றை ஏட்டில் நேராக வந்து மோதும் எலெக்ட்ரான், சுவர் எத்தனை உயரமானாலும் தடையின்றிக் கடந்துவிடும் என்று 2006-ல் கெய்ம், நோவோசெலாவ், காட்ஸ்நெல்சன் மூவரும் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதி வேக எலெக்ட்ரான்களுக்கு இப்படி நேரலாமென்று ஸ்வீடன் தேசத்து ஆஸ்கர் க்ளைன் 1929-லேயே கண்டிருந்தார். 2009-ல் கொலம்பியா சர்வகலாசாலைப் பரிசோதனையில் இதற்குச் சான்றும் கிடைத்தது.

ஆனால் இரண்டு ஏடுகள் சேர்ந்த கிராஃபீனில் கதையே தலைகீழ்! சுவர் போதிய கனமாயிருந்தால், நேராக மோதும் எலெக்ட்ரான் அப்படியே திரும்பிவிடும் என்றது அதே கணக்கு.

காரணம் என்ன? எலெக்ட்ரானுக்குள் ஓர் அம்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஏட்டில் எலெக்ட்ரான் திரும்பி நடந்தால் அம்பும் எதிர்த்திசைக்குத் திரும்பியாக வேண்டும். அதைத் திருப்பும் சக்தி சுவருக்குக் கிடையாது. ஆகவே எலெக்ட்ரான் முன்னே போகத்தான் வேண்டும். இரட்டை ஏட்டிலோ, எலெக்ட்ரான் அரை வட்டம் திரும்புவதற்குள் அம்பு முழு வட்டம் சுற்றிப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. திரும்புவதற்குத் தடையில்லை. சுவருக்குள் நுழைந்தாலோ, அந்த அம்புக்கு இசைந்த பாதை இல்லை.

இதனால் நமக்கு என்ன லாபம்? கைபேசிக்குள் இருக்கும் டிரான்ஸிஸ்டர் ஒவ்வொன்றும் மின்சாரத்தைத் திறந்து மூடும் குழாய்தான். ஒற்றை ஏட்டால் மூட முடியாது. இரட்டை ஏட்டில் அதற்கு வழி தெரிகிறது. குறுக்கே மின்புலம் செலுத்தினால் எலெக்ட்ரான்கள் புக முடியாத ஓர் இடைவெளியும் அதில் உண்டாகிறது என்று 2009-ல் பெர்க்லியில் காட்டினார்கள்.

சங்கடங்களும் உண்டு. சாய்வாக வரும் எலெக்ட்ரான்கள் சில கோணங்களில் சுவரைக் கடந்துவிடும். பெர்க்லியில் கண்ட இடைவெளியோ சிலிக்கனில் உள்ளதில் கால் பங்குக்கும் குறைவு. இவை தீரும் வரையில் நம் கைபேசிக்குச் சிலிக்கன்தான் கதி!