அண்ணன் கூப்பிட்டால் கூலி கிடையாதா?

'ஜாக்சன் 5' என்ற பாட்டுக்குழுவின் பெயர் அதில் பாடிய ஜாக்சன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இல்லை. இண்டியானா மாநிலத்தில் கேரி என்கிற எஃகு ஆலை ஊர். அப்பா அங்கே கிரேன் ஓட்டினார். 1969-ல் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் ஒப்பந்தம். 1970-ல் மட்டும் நான்கு பாட்டு அமெரிக்காவில் முதலிடம். ராயல்டி கட்டுப்படியாகவில்லை என்று எழுபதுகளின் நடுவில் எபிக் கம்பெனிக்கு மாறினார்கள். பழைய பெயரைக் கூடவே கொண்டுபோக முடியவில்லை, 'தி ஜாக்சன்ஸ்' ஆனார்கள். ஒரு சகோதரர், ஜெர்மெய்ன், மோடவுன் முதலாளியின் மருமகன். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சிவகாசிக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. வெடியை உருட்டியது யாராக இருந்தாலும் லேபிள் முதலாளியுடையது.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு பாட்டுக்குடும்பம் இருந்தது. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன், தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் அண்ணன் பாட்டுக்கட்டினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு தோட்டத் தொழிலாளர்களிடம் எடுபட்டதை இன்றைக்கும் பேசுகிறார்கள். பதின்வயதில் குழுவுக்கு வந்த ராசையா பெண் குரலில் பாடினார். குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். 1973-ல் பாவலர் இறந்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது, ராசையா இளையராஜாவானார். அமர்சிங்தான் கங்கை அமரன். தம்பிகள் தங்கள் படக் கம்பெனிக்கு 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று அண்ணன் பெயரை வைத்தார்கள். ஜாக்சன்களுக்கு வாய்க்காதது இவர்களுக்கு வாய்த்தது.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்கு உண்டு. பெண் குரலில் பாடிய அந்தப் பையன் எத்தனை ராத்திரி கண் விழித்தான், அதற்குக் கூலி என்ன? யாரும் கேட்டதில்லை. அண்ணன் கூப்பிட்டால் தம்பி போவான், அவ்வளவுதான் நமக்கு.

சாத்தூர் பக்கம் எங்கள் வீட்டிலும் இதே நியாயம்தான். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வரும் அட்டையை மடித்து, மைதாப் பசை தடவி, பெட்டி ஒட்டுவோம். அக்கா பாடுவாள், நாங்கள் கூடச் சேர்ந்துகொள்வோம். பாட்டு வேகமெடுத்தால் கையும் வேகமெடுக்கும். ஆள்காட்டி விரல் நுனியில் பசை காய்ந்து தோல்போல உரியும். குரோசு கணக்கில் கூலி. கணக்கு நோட்டில் அம்மா பெயர் மட்டும். பார்க்க அழகான குடும்பம் என்றுதான் வந்தவர்கள் சொன்னார்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றதை அவர்கள் கேட்கவில்லை.

சிவகாசி ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிறகு 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே வேலை கூடாது, இரண்டு விலக்கு தவிர: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி முடிந்தபின் உதவலாம், சினிமா, டிவி போன்றவற்றில் கலைஞராக வேலை செய்யலாம். கலைஞர் பிள்ளைக்கு ஒருநாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கியில் வைப்பாக வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. குடும்பத்துக்கு உதவும் பிள்ளைக்கு வைப்புத்தொகை என்ற பேச்சே இல்லை. ஒரே வயது, ஒரே வீடு; பாடினால் பாஸ்புக், ஒட்டினால் ஒன்றுமில்லை.

இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளைப் பாட வைத்துப் படம்பிடித்துப் போடும் குடும்பங்கள் விருதுநகரிலும் உண்டு. கடை விளம்பரம் வருகிறது, பணம் அப்பா கணக்குக்குப் போகிறது. இது உதவியா, கலையா? கேட்டால் 'எங்க பிள்ளைதானே' என்பார்கள். மோடவுனிடம் கணக்குக் கேட்க ஜாக்சன் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு காகிதமாவது இருந்தது. அப்பாவிடம் எதைக் காட்டிக் கேட்பது?

விலக்கை ஒழிக்கச் சொல்லவில்லை, அப்பா அம்மாவைக் கோர்ட்டுக்கு இழுக்கவும் சொல்லவில்லை. அந்த 20 சதவீத விதியைக் குடும்பத் தொழிலுக்கும் வீட்டு வீடியோவுக்கும் நீட்டுங்கள். வீட்டுக்கு அட்டை கொடுத்தனுப்புகிறவர் கணக்கு நோட்டில் ஒட்டிய எல்லார் பெயரையும் எழுதட்டும். பிள்ளை பெயர் அதில் வந்தால், தொழிலாளர் துறை வாசலுக்கு வர அதுவே காரணமாகட்டும்.