ஒரே ஒரு சுருள்

சூப்பர் 8 காமிராக்கள் மீண்டும் இளைஞர் கைகளில் தென்படுவதை மகிழ்ச்சியோடும் சற்றே ஐயத்தோடும் பார்க்கிறோம். ஐயம் காமிராவைப் பற்றியதல்ல. அதனுள் இடப்படும் சுருளுக்குப் பின்னர் நேர்வதைப் பற்றியது.

1965இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த சூப்பர் 8 கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது 50 அடிச் சுருள். நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் 3 நிமிடம் 20 நொடியில் ஓடி முடிந்துவிடும். வீட்டுப்படம் எடுத்தோர் அன்று பெரும்பாலும் நாடியது ரிவர்சல் ஃபிலிமை. நெகடிவில் ஒளி கருமையாகப் பதியும். அதை நேராக்க இன்னொரு சுருள் வேண்டும். ரிவர்சலில் அந்த இரண்டாவது சுருளுக்கு வேலையில்லை. காமிராவுக்குள் ஓடிய சுருளே கழுவப்பட்டு நேர்ப்படமாகத் திரும்பி வருகிறது. அம்மாவின் முகத்திலிருந்து புறப்பட்ட ஒளியை வாங்கிக்கொண்ட அதே துண்டினூடாகத்தான் பின்னொருநாள் புரொஜெக்டரின் ஒளியும் பாய்கிறது. எமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் ஆபிரகாம் ஸப்ரூடர் எடுத்த 26 நொடிப் படம், 8 மி.மீ. கோடாக்ரோம் சுருளில் பதிவானது. அன்றே பிரதிகள் எடுக்கப்பட்டன. பின்னர் உலகமே அக்காட்சியைப் பார்த்தது. ஆயினும் மூலச்சுருளை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டதற்காக, 1999இல் நடுவர் குழு அக்குடும்பத்திற்கு நிர்ணயித்த தொகை 1 கோடியே 60 லட்சம் டாலர். பிரதி எத்தனை இருந்தாலும் அந்த ஒரு துண்டு வேறு என்பதை நடுவர்களும் ஏற்றனர் போலும்.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு திரையிடலும் அந்த ஒரே பிரதியில் கீறல் விட்டுச்செல்லும். ஒளி அளவில் சற்றே பிசகினால் வானம் வெளுத்துப் போகும், பிறகு மீட்பதற்கில்லை. கோடாக்ரோமின் கதையோ இன்னும் கொடிது. அதன் சாயங்கள் சுருளில் இருப்பவை அல்ல, கழுவும்போது சேர்க்கப்படுபவை. சூப்பர் 8 வடிவில் அது 2005இல் நிறுத்தப்பட்டது. அதைக் கழுவிவந்த கடைசிக் கூடம் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது; 2010 முடிவோடு அதுவும் சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. வண்ண ரிவர்சலாக எக்டாக்ரோம் சூப்பர் 8இல் மறுபடி கிடைத்தது 2018இல்தான்.

இவ்வளவு கடந்து வந்த சுருளை இன்று என்ன செய்கிறார்கள்? கழுவிய கையோடு ஸ்கேன் செய்து, கைபேசியில் பார்த்து, டப்பாவில் மூடிவிடுகிறார்கள். புரொஜெக்டரை அது ஒருநாளும் காண்பதில்லை. ஸ்கேன் மட்டுமே நோக்கமென்றால் நெகடிவே மேல், ஒளிப்பிசகைப் பொறுத்துக்கொள்ளும். 'மணிமணியாகத் தெரியும் அழகு' என்பார்கள். அதைக் கணினி மென்பொருளே ஏறத்தாழத் தந்துவிடும்.

ஃபிலிமைப் பூசைக்குரிய பொருளாக்குவோருடனும் எமக்கு உடன்பாடில்லை. பல்லாண்டுகள் போலெக்ஸ் காமிராவில் 16 மி.மீ. நாட்குறிப்புப் படங்களை எடுத்த ஜோனாஸ் மேக்கஸ், 1980களின் பிற்பகுதியில் வீடியோவுக்கு மாறினார். 2007இல் நாளுக்கொரு குறும்படமாக இணையத்தில் வெளியிட்டார். கருவி மாறியதற்காக அவர் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

ரிவர்சலில் எடுப்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: ஸ்கேனுக்கு அனுப்புமுன் ஒருமுறையேனும் சுவரில் ஓட்டிப் பாருங்கள். கீறல் விழுந்தால் விழட்டும். பரண்மேல் பழைய புரொஜெக்டர் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடவேண்டாம். பெல்ட் இளகிப் பசையாகியிருக்கும், மாற்றிக்கொள்ளலாம். விளக்குதான் கிடைப்பது அரிது.