நான்கு மணி நேரமா, நூற்றுப் பதின்மூன்று நாளா?

தோழர்களே! பள்ளிச் சிறுவனும் போட்டுவிடக் கூடிய கணக்கொன்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஈரான் நாட்டின் தென்கரையிலே உள்ள துறைமுக நகரம் பந்தர் அப்பாஸ். அதன் விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு அது நான்கு மணி நேரப் பயணம்கூட அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து இனயம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டவன் மாலையில் தன் வீட்டு வாசலில் நிற்கலாம்!

ஏட்டுக் கணக்கு இது. நாட்டு நடப்பு என்ன?

2020ஆம் ஆண்டு. கொரோனா கொடுமை ஈரானைக் கவ்வியது. குமரிக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடிப் போய், அந்நாட்டுப் படகுகளிலே வலையிழுத்த நம் மீனவர்கள் கரையிலே முடங்கினர். மார்ச் 10 அன்று, நமது விமானப்படையின் விமானம் தெஹ்ரானிலிருந்து புனிதப் பயணிகள் 58 பேரை ஏற்றிக்கொண்டு, தில்லியை அடுத்த ஹிண்டனில் இறங்கியது. நல்ல செயல், பாராட்டுகிறோம். ஆனால் கேட்கிறோம்: மீனவனுக்கு ஏன் அந்த விமானம் கிட்டவில்லை?

தெஹ்ரானிலிருந்து ஹிண்டன் ஏறத்தாழ 2,550 கிலோமீட்டர். பந்தர் அப்பாஸ்–திருவனந்தபுரம் தொலைவைவிட 450 கிலோமீட்டர்தான் குறைவு. பறக்கும் நேரத்தில் அரை மணி வேற்றுமை! அந்த அரை மணியைக் கடக்க ஆனது எவ்வளவு காலம்? ஜூன் 25இல் பந்தர் அப்பாஸை விட்டுக் கிளம்பிய ஜலஷ்வா என்னும் கடற்படைக் கப்பல், 687 பேருடன் தூத்துக்குடியை அடைந்தது ஜூலை 1 அன்று. பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர். மார்ச் 10இலிருந்து எண்ணுங்கள்: 113 நாட்கள்!

“விமானங்களே நின்றுபோன காலமாயிற்றே” என்பார்கள் தில்லிக்கு வக்காலத்து வாங்குவோர். அப்படியா? மே 7 அன்றே துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்குச் சிறப்பு விமானம் பறந்ததே! துபாய்க்கும் பந்தர் அப்பாஸுக்கும் இடையே 250 கிலோமீட்டர்கூட இல்லை. தென்கரைக்கு வந்த விமானத்துக்கு வடகரை தெரியவில்லையா? ஈரானின் வான்வழி அடைபட்டிருந்தது என்றால், மார்ச்சில் திறந்தது எப்படி? நம் மக்கள் அங்கிருப்பது தெரியாது என்றால், பந்தர் அப்பாஸிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருப்பது எதற்கு?

மீட்டு வந்த மாலுமிகளுக்கு நன்றி. நமது வழக்கு அவர்களோடு அல்ல, வரிசையிலே மீனவனைக் கடைசியில் நிறுத்திய மனப்போக்கோடு. 2016இல் பெருந்துறைமுகம் கட்டக் கரை தேடியபோது, தில்லிக்கு இனயம் எங்கிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. கரை வேண்டும்போது கிட்டத்தில் இருக்கும் ஊர், கரைவாழ் மக்களைக் காக்க வேண்டும்போது எட்டாத் தொலைவுக்குப் போய்விடுகிறதே, இது என்ன நீதி?

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2025 ஜூனில் ஈரானிலே போர் மூண்டபோதும் குமரி மீனவரின் அபயக் குரல் அதே கரையிலிருந்து எழுந்தது.

ஆகவே, தோழர்களே, கடற்கரைக் கூட்டங்களில் இரண்டைக் கேளுங்கள். அயல்நாட்டில் மீன்பிடிக்கும் ஒவ்வொருவர் பெயரும் துணைத் தூதரகப் பதிவேட்டில் இருக்கட்டும். ஆபத்து வந்தால், முதல் வரிசை விமானங்களிலேயே அவர்களுக்கு இடம் இருக்கட்டும்.

நான்கு மணி நேரத் தொலைவு, மீனவனுக்கும் நான்கு மணி நேரமாகவே இருக்க வேண்டும். சலுகையல்ல இது, உரிமை!