பதினாறையும் பாடத்தில் சேருங்கள்

நான்காம் படிவக் கணிதத்தில் எண் அடிமானம் 2-இல் தொடங்கி 10-உடன் நின்றுவிடுகிறது. பாசிர் கூடாங் ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கருவிக்கு நிரல் எழுதப் போகிறவருக்கு 16 அல்லவா தேவை!

1000-ஐ 16-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். மீதி 8, 14, 3 என வரும். 14-க்குப் பதில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து. கடைசி மீதியிலிருந்து எழுதினால் 3ஈ8.

கருவியின் திரையில் இது எழுத்துகளாகத் தெரிய இன்னொரு படி உண்டு. ஆஸ்கி குறியீடு பெற, 9 வரையுள்ள மீதியோடு 48-ஐக் கூட்டுங்கள். 10 முதல் 15 வரை என்றால் 55. ஆக, 8 என்ற எண் வேறு. 56 என்ற குறியீடுள்ள '8' என்ற எழுத்து வேறு. இந்த வேறுபாட்டைக் கணிப்பான் சொல்லித் தராது.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருப்பானேன்? பிறந்த ஆண்டை இன்றே மாற்றிப் பாருங்கள், மாணவர்களே.